கெம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு உதவிப் பணம்: விண்ணப்பம் போடுவது எப்படி?

அன்பான தோட்டத்துப் பெற்றோரே, பிள்ளைகளே,

இந்த முறை பாடம் கொஞ்சம் நீளம். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று படியுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

எனக்கு வீடு நாலந்தாவில், வேலை மேலே தோட்டத்தில். நாலந்தா என்றால் நமக்குக் கண்டி - யாழ்ப்பாணம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம். ஆனால் இந்தியாவில், பீகாரில் இருக்கும் நாலந்தா ஒரு காலத்தில் உலகமே தேடி வந்து படித்த இடம். சீனாவிலிருந்து யுவான் சுவாங் என்ற துறவி ஏழாம் நூற்றாண்டில் அங்கே வந்து படித்தார். அவர் வரலாற்றில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய நூறு கிராமங்களின் வருமானத்தை அரசன் அந்தக் கல்விச்சாலைக்கு ஒதுக்கியிருந்தானாம். அரிசி, பால், நெய் எல்லாம் அந்த ஊர்களிலிருந்து தினமும் வருமாம். அதனால் அங்கே படித்தவர்கள் சோற்றுக்கும் துணிக்கும் யாரிடமும் கையேந்தவில்லை.

அதாவது, பெரிய படிப்பு படிக்கிறவனுக்கு ஊர் சேர்ந்து சோறு போடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இன்றைக்கு நமது நாட்டில் அதற்குப் பெயர் மகாபொல, பர்சரி, புலமைப்பரிசில். அது பிச்சை இல்லை. நமது பிள்ளைக்கென்று எடுத்து வைத்த பங்கு. ஆனால் அந்தப் பங்கு தானாக லயத்துக்கு நடந்து வராது. சரியான தாளை, சரியான நாளில், உண்மையான கணக்கோடு கொடுத்தவனுக்குத்தான் வரும். இந்தப் பாடம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

1. முதலில் பயத்தைப் போக்கிக்கொள்வோம்

பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைத்தது என்றதும் பல வீடுகளில் சந்தோஷம் ஒரு ராத்திரிதான். விடிந்தால், "அவ்வளவு காசுக்கு எங்க போறது?" என்ற பேச்சு. சில வீடுகளில் பிள்ளையே, "வேணாம்மா, நான் கொழும்புக்கு கடை வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிடுகிறது.

அவசரப்படாதீர்கள். இலங்கையில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் படிக்க வகுப்புக் கட்டணம் கிடையாது. கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்து 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை போகிறது. நமக்கு வரும் செலவு சாப்பாடு, தங்குமிடம், பஸ், புத்தகம், போட்டோ கொப்பி, உடுப்பு. அந்தச் செலவுக்குத்தான் உதவிப் பணம்.

2. என்னென்ன உதவி இருக்கிறது?

மகாபொல. இதை ஆரம்பித்தவர் அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி. 1981ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மகாபொல நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. மகாபொலக் கண்காட்சிகளில் சேர்ந்த பணமும், அபிவிருத்தி லொத்தர் சபையின் பணமும் அதற்குப் போயின. சம்பளத்தன்று டவுனில் நம்ம ஆட்கள் வாங்கிய லொத்தர் சீட்டுக் காசும் அதில் கலந்திருக்கிறது. எனவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மகாபொலவில் இரண்டு வகை. ஒன்று, உயர்தரப் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளியைப் பார்த்துத் திறமைக்குக் கொடுப்பது. மற்றது, குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுப்பது. நம் பிள்ளைகளில் கூடுதலானவர்கள் இரண்டாவது வகையில் வருவார்கள்.

பர்சரி. இது பல்கலைக்கழகத்தின் வழியாகக் கிடைக்கும் மாணவர் உதவுதொகை. மகாபொல கிடைக்காத பிள்ளைக்கு இது. இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது. பர்சரிக்கு வருமானம் மட்டும் அல்ல, வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம், கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறார்கள். இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ போகிற பிள்ளை அந்தத் தூரத்தைச் சரியாக எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகிற தம்பி தங்கைகளுக்கு அதிபரிடம் கடிதம் எடுத்து வைக்க வேண்டும்.

தொகையைச் சொல்கிறேன். 2025ஆம் வருஷ வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. வருஷத்துக்குப் பத்துத் தவணை என்று கணக்குப் போட்டால் மகாபொல 75,000, பர்சரி 65,000. பிள்ளை சேரும் வருஷத்து அறிவித்தலில் இருக்கும் தொகையே கடைசித் தொகை. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். இதைப் பலபேருக்குத் தெரியாது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடு 1947இல் தொடங்கியது. தோட்டத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு, உயர்தரம் படிக்கும்போதும் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதும் புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள். கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் ஊடாக நடக்கிறது. விண்ணப்பம் கோரும்போது தமிழ்ப் பத்திரிகைகளில் அறிவித்தல் வரும். அம்மாவோ அப்பாவோ தோட்டத்தில் வேலை செய்கிறார் என்பதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அத்தாட்சி முக்கியம்.

விடுதி. கையில் காசாக வராவிட்டாலும் இதுதான் பெரிய உதவி. வெளியே அறை எடுத்தால் மாத வாடகையோடு முற்பணமும் கேட்பார்கள். முதலாம் வருஷப் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் கொடுக்கப் பல பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன. ஆனால் அதற்கும் தனிப் படிவம் உண்டு. சேர்ந்தவுடன் இடம் தானாகக் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மாதிரி இடங்களில் ஆசிரியப் பயிற்சிக்கு எடுபட்டால் தங்கிப் படிக்கலாம், மாதக் கொடுப்பனவும் உண்டு. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்கள் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க, வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017இல் தொடங்கியது. அது கடன். திருப்பிக் கட்ட வேண்டும். இதை மனதில் வைத்து யோசியுங்கள்.

3. நான் செய்த ஒரு பிழை

இதை எழுதாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

சில வருஷங்களுக்கு முன், நான் வேறொரு தோட்டத்தில் இருந்தபோது, மேல் லயத்தில் ஒரு மகளுக்குக் கலைப் பிரிவில் கெம்பஸ் கிடைத்தது. அந்த லயத்தில் முதல் ஆள். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா கவ்வாத்துக் காட்டில் விழுந்து இடுப்பில் அடிபட்டு, கிழமையில் இரண்டு மூன்று நாள்தான் பேர் போடுவார். வருமானப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எனக்கு வேறு வேலை, ஒரே அவசரம். அம்மாவின் கையில் இருந்த சம்பளத் துண்டை வாங்கினேன். அது கொழுந்து கொட்டிய மாதம். அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கினேன். அப்பாவுக்கும் அதே மாதிரி முழு மாதம் என்று போட்டேன். கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

நான்கு மாதம் கழித்து அம்மா என் காம்பரா வாசலில் நின்றார். "ஐயா, புள்ளைக்கு இல்லையாம். வருமானம் கூடவாம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. கொப்பியை எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கணக்குப் பிழை என்னுடையது.

"அம்மா, நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "சரிங்க ஐயா. புள்ள ஒரு நேரந்தான் சாப்புடுதாம். அதான் வந்தேன்" என்றார். காதைப் பார்த்தேன். தோடு இல்லை. ஈர்க்குச்சி சொருகியிருந்தார்.

அன்றைக்கே செக்ரோலை எடுத்துப் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினோம். அப்பாவின் வைத்தியத் துண்டுகளையும் சேர்த்து மேன்முறையீடு போட்டோம். பர்சரி கிடைத்தது. ஆனால் அதற்குள் முதலாம் வருஷம் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை படிப்பை விடவில்லை, இன்று ஆசிரியை. தோடு திரும்பி வரவில்லை. அடகுக் கடையில் மூழ்கிப்போனது.

ஐந்து நிமிஷ அவசரத்தின் விலை அது. அதனால்தான் அடுத்த பகுதியை ஆறுதலாகப் படியுங்கள் என்று கேட்கிறேன்.

4. வருமானத்தைக் கணக்குப் போடும் முறை

தோட்டத்தில் மாதச் சம்பளம் என்று நிரந்தரமாக ஒன்று இல்லை. மழை, வெயில், கொழுந்து, சுகயீனம் எல்லாம் பார்த்து நாள் கூடும், குறையும். ஆகவே ஒரு மாதத்தை வைத்து வருஷத்தைச் சொல்லக் கூடாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் பழக அதையே வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் அந்தந்த மாதத்தில் உண்மையாகக் கிடைத்த நாட்சம்பளத்தைப் போடுங்கள்.

பிழையான முறை: கொழுந்து கூடிய மாதத்தில் 26 நாள் வேலை. 26 × 1,350 = 35,100. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 421,200 ரூபா.

சரியான முறை: செக்ரோலில் பன்னிரண்டு மாதமும் விழுந்த பேரைக் கூட்டுங்கள். 214 நாள் என்று வைப்போம். 214 × 1,350 = 288,900 ரூபா. கூடுதல் கிலோவுக்கும் வேறு கொடுப்பனவுக்கும் கிடைத்த காசை அதோடு கூட்டுங்கள்.

நாட்சம்பளத்தில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் 132,300 ரூபா. உதவி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கலாம்.

இன்னும் நாலு விஷயம்:

• படிவம் "மொத்த வருமானம்" என்று கேட்டால், பிடிப்புகளுக்கு முந்திய தொகையை எழுத வேண்டும். சேமலாப நிதி, முற்பணம், சங்கக் காசு எல்லாம் கழித்துக் கைக்கு வந்ததை எழுதினால் அது பிழை.

• மரக்கறித் தோட்டம், மாடு, கடை என்று வேறு வருமானம் இருந்து, படிவத்தில் அதற்கு இடம் இருந்தால் எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் உதவி நின்றுபோகும், வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள். குறைத்து எழுதுவது கெட்டித்தனம் இல்லை. உண்மைக் கணக்கே நம் ஆட்களுக்குப் போதும்.

• அப்பாவோ அம்மாவோ இறந்திருந்தால், நோயாளியாக இருந்தால், பிரிந்து போயிருந்தால், ஓய்வு பெற்றிருந்தால் அதற்குரிய தாளைச் சேர்த்து வையுங்கள். வாயால் சொன்னால் கொழும்பில் இருப்பவருக்குக் கேட்காது.

• பன்னிரண்டு மாதத்துச் சம்பளத் துண்டையும் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். அடுப்பு பற்ற வைக்க வேண்டாம்.

5. பெயரும் விலாசமும்

தாள் என்றால் என்ன என்று நமது மக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பூட்டன் நாடற்றவர்களாகி, ஒரு தாளுக்காக எத்தனை கச்சேரிப் படி ஏறினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்தக் கஷ்டத்தின் மிச்சம் இன்னும் நம் பெயர்களில் இருக்கிறது.

பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். அப்பா பெயர் செக்ரோலில் ராமன், பிறப்புப் பத்திரத்தில் ராமையா. அம்மா பெயர் ஓரிடத்தில் மாரியாய், இன்னோரிடத்தில் மாரியம்மா. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். நாமும் அப்போது வாசித்துப் பார்க்கவில்லை.

இதற்கு இரண்டு வழி. பிறப்புப் பதிவில் உள்ள பிழையைத் திருத்த வேண்டும் என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். அதற்குக் காலம் எடுக்கும். அவசரம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து விண்ணப்பத்தோடு இணைக்கலாம். எது என்றாலும் பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே செய்யுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடினால் நாள் போதாது.

அடுத்தது விலாசம். "மேல் பிரிவு" என்று மட்டும் எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து பெரட்டுக்கு வந்து, யாரோ ஒருவர் கையில் போய், பத்து நாள் கழித்து வீட்டுக்கு வரும். அதற்குள் கடைசித் திகதி போய்விடும். தோட்டத்தின் பெயர், பிரிவு, லய இலக்கம், தபாற் கந்தோர் எல்லாம் எழுதுங்கள். வேலை செய்கிற டெலிபோன் நம்பர் ஒன்றைக் கொடுத்து, படிப்பு முடியும் வரை அதை மாற்றாமல் வைத்திருங்கள். ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடமும், "புள்ளைக்குக் கெம்பஸ் கடிதம் வரும், பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

6. எப்போது எதைச் செய்வது?

உயர்தரம் படிக்கும் காலத்தில்: பெயர்களைச் சரி பார்க்கவும். பிள்ளையின் அடையாள அட்டையை எடுக்கவும். வாக்காளர் இடாப்பில் வீட்டுப் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்கவும். தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் அறிவித்தலைப் பத்திரிகையில் பார்க்கவும். உயர்தரக் காலத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

பெறுபேறு வந்தவுடன்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து ஆசிரியரோடு இருந்து வாசிக்கவும். அனுமதி விண்ணப்பத்தை நாள் தவறாமல் போடவும்.

தெரிவானதும்: பதிவுக் கடிதத்தோடு என்னென்ன படிவம் சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்கவும். மகாபொல ஒன்று, பர்சரி ஒன்று, விடுதி ஒன்று. தாளில் கேட்டாலும் இணையத்தில் கேட்டாலும் எல்லாவற்றுக்கும் கடைசித் திகதி தனித்தனியாக இருக்கும். ஒன்றைப் போட்டால் மற்றது போட்டமாதிரி ஆகாது. திகதிகளைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் எழுதவும்.

பிறகு கையெழுத்து: முதலில் தோட்ட ஆபீசில் சம்பள அத்தாட்சி. அதைக் கொண்டுபோய்க் கிராம உத்தியோகத்தர். அதன் பிறகு பிரதேச செயலகம். இந்த ஒழுங்கை மாற்றினால் இரண்டு தரம் நடக்க வேண்டிவரும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாவுல, மற்றவர்களுக்கு இரத்தோட்டை, உக்குவளை என்று உங்கள் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். பரவாயில்லை. ஆனால் ஒரு நாள் போக வேண்டிய இடத்தில் மூன்று நாள் போகாதபடி, புறப்படுமுன் கிராம உத்தியோகத்தர் ஆபீசில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் முன்: எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுத்து வீட்டில் வைக்கவும். தபாலில் என்றால் பதிவுத் தபால். துண்டைத் தொலைக்க வேண்டாம். இணையத்தில் என்றால் முடிந்ததும் வரும் பக்கத்தை அச்சடித்து வைக்கவும்.

நமது நாலந்தாவில் கெடிகே என்ற பழைய கற்கோயில் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அது தண்ணீருக்குள் போகாமல் இருக்க 1970களில் கல் கல்லாகக் கழற்றி, 1980இல் மேட்டில் திரும்பக் கட்டினார்கள். எந்தக் கல் எந்த இடத்துக் கல் என்ற ஒழுங்கு தவறியிருந்தால் அது திரும்ப எழும்பியிருக்காது. நமது தாள்களும் அப்படித்தான். ஒன்றும் தொலையக் கூடாது, ஒழுங்கும் மாறக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

7. பணம் வரும்வரை என்ன செய்வது?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உதவி கிடைத்தாலும், பிள்ளை போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே காசு கைக்கு வராது. சரிபார்த்து, பட்டியல் போட்டு, வங்கிக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள், பெற்றோர் கடன் படுகிறார்கள்.

ஆகவே குறைந்தது மூன்று நான்கு மாதச் செலவை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். உயர்தரப் பரீட்சை எழுதி முடிந்த நாளிலிருந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நீண்ட காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு சிறு சீட்டுப் போடுங்கள். சம்பளத்தன்று முதலில் அதற்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் செலவழியுங்கள். சில தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் மாதிரியே "படிப்புச் சங்கம்" என்று வீட்டுக்கு ஒரு சிறு தொகை சேர்த்து, கெம்பஸ் போகிற பிள்ளைக்கு முதல் மாதச் செலவைக் கொடுக்கலாமே என்ற பேச்சு இருக்கிறது. சாவுக்குச் சேர்கிற நாம் படிப்புக்கும் சேரலாம். கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.

வாசலுக்கு வந்து கிழமைக் கிழமை வட்டி அறவிடும் நுண்கடனை மட்டும் எடுக்காதீர்கள். பிள்ளை பட்டம் எடுக்கும் முன் கடன் வீட்டைத் தின்றுவிடும்.

8. கிடைத்த பிறகும், கிடைக்காவிட்டாலும்

கிடைத்த பிள்ளைக்கு: வங்கிக் கணக்கைப் பல்கலைக்கழகம் சொன்ன வங்கியில், உன் பெயரிலேயே திற. விரிவுரைக்கு ஒழுங்காகப் போ. பல இடங்களில் 80 சதவீத வரவு கேட்பார்கள். வரவு குறைந்தாலோ பரீட்சை தவறினாலோ தவணை நிற்கலாம். தவணை வராத மாதம் நலன்புரிப் பிரிவில் போய்க் கேள். கேட்காமல் இருந்து பட்டினி கிடக்காதே.

கிடைக்காத பிள்ளைக்கு: "இல்லை" என்று வந்தால் அதோடு முடியவில்லை. காரணம் என்ன என்று கேள். வருமானம் கூட என்றால் கணக்கைத் திரும்பப் பார். தாள் குறைவு என்றால் அந்தத் தாளைத் தேடு. மேன்முறையீட்டுக்கும் ஒரு கடைசித் திகதி உண்டு. அதற்குள் எழுத்தில் கொடு. மகாபொல இல்லை என்றால் பர்சரிக்கான படிவம் உள்ளே போய்விட்டதா என்று உடனே பார்.

9. என்னிடம் கேட்கப்பட்ட சில கேள்விகள்

*"ஐயா, பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பலாமா?"*

விடுதிக்கு விண்ணப்பித்து இடம் கிடைத்தால் பிள்ளை பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கும். யாழ்ப்பாணம் போகிற பஸ் நாலந்தாச் சந்தியாலேயே போகிறது. நம்ம பாட்டிமார் கப்பலேறி, காட்டு வழியே நடந்து இந்த மலைக்கு வந்தவர்கள். பேத்தி பஸ்ஸில் போகலாம்.

*"அப்பா குடிச்சே தீக்குறாரு. வருமானம் இருக்குன்னு எழுதினா உதவி கெடைக்காதே?"*

வருமானத்தை வருமானமாகத்தான் எழுத வேண்டும். குடித்த காசைக் கழிக்கப் படிவத்தில் இடம் இல்லை. இது அப்பாமாருக்கு நான் சொல்கிறது: உங்கள் சம்பளம் தாளில் பிள்ளைக்கு எதிராக நிற்கிறது. அப்படியென்றால் அந்தச் சம்பளம் உண்மையிலேயே பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும்.

*"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யார்கிட்ட போறது?"*

பள்ளிக்கூட அதிபர், ஆசிரியர், ஏற்கெனவே கெம்பஸ் போன அண்ணன் அக்கா, இல்லாவிட்டால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர். இது எங்கள் வேலை. பெரட்டு முடிந்ததும் வாருங்கள். படிவத்தை நிரப்பியவரிடம், "கணக்கைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நான் அன்றைக்கு வாசித்துக் காட்டியிருந்தால், "ஐயா, அவருதான் படுத்துக் கிடந்தாரே" என்று அந்த அம்மாவே சொல்லியிருப்பார்.

இந்தக் கிழமை வீட்டில் செய்ய வேண்டியது

1. வீட்டில் உள்ள எல்லோருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள்.

2. சம்பளத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து வையுங்கள். இல்லாத மாதத்தைக் குறித்துக்கொண்டு ஆபீசில் கேளுங்கள்.

3. உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால், "உனக்குக் கெடச்சா நாங்க அனுப்புவோம்" என்று இன்றைக்கு ராத்திரியே சொல்லுங்கள். கிடைத்தாலும் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தே பாதிப் பிள்ளைகள் கொப்பியை மூடுகிறார்கள்.

போன மாதம் அந்த ஆசிரியை மகளை டவுனில் கண்டேன். என்னைக் கண்டதும் சிரித்தது. "ஐயா, இப்ப என் வகுப்புல உயர்தரம் படிக்கிற புள்ளைங்களுக்கு நான்தான் வருமானப் படிவம் நிரப்பிக் குடுக்கிறேன். பன்னெண்டு மாசமும் கூட்டித்தான்" என்றது.

எனக்கு வேறு சந்தோஷம் வேண்டாம். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு பிள்ளை வரட்டும். அடுத்த பாடத்தில் சந்திப்போம்.